திரை விலகும் கணமும் ஒரு பழைய கேமராவும்

"கேமரா முக்கியமில்லை, அதன் பின்னால் இருக்கும் கண்தான் முக்கியம்" என்ற வாசகத்தைப் புகைப்படக்காரர்கள் கூடும் இடமெல்லாம் கேட்கலாம். பழைய கேமராவை மாற்றலாமா என்று ஒருவர் வாய் திறந்த உடனே இந்த வாசகம் வந்து விழும். அதற்கு நேர் எதிராக, புதிய மாடல் வந்துவிட்டது, இனி இருட்டு என்பதே ஒரு பிரச்சினையில்லை என்று கடைக்காரரும் விளம்பரமும் சொல்லும். இந்த இரண்டு பேச்சுகளோடும் எனக்கு நெடுநாளாக உடன்பாடு இல்லை. நீ எதைப் படம் எடுக்கிறாய், எந்த வெளிச்சத்தில் எடுக்கிறாய், எடுத்ததில் எவையெல்லாம் தவறின, ஏன் தவறின என்ற கேள்விகளை இரண்டு தரப்பும் கேட்பதில்லை. அவற்றைக் கேட்காமல் ஒரு கேமரா பாடியை (லென்ஸ் நீங்கலான உடலை) மாற்றுவதும் வீண், மாற்றாமல் இருப்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதும் வீண் என்பதே என் எண்ணம். என் சொந்தக் கணக்கைப் பார்த்து முடிப்பதற்கு எனக்கு நீண்ட காலம் பிடித்தது. அந்தக் கணக்கை இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் எடுப்பது தெருக்கூத்து. திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம் பக்கங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் நடக்கும் பாரதக் கூத்தைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து எடுத்து வருகிறேன். இரவு தொடங்கி விடியும்வரை நடப்பது அது. ஃபிளாஷ் பயன்படுத்துவதில்லை என்பதை முதலிலிருந்தே கடைப்பிடிக்கிறேன். இருட்டில் ஆடிக்கொண்டிருப்பவரின் கண்ணில் திடீரென்று ஒளியைப் பாய்ச்சுவது ஆட்டத்தைக் குலைக்கும் செயல், அதோடு கூத்துக் களத்தின் வெளிச்சத்தையும் அது கொன்றுவிடும். ஆகவே கம்பங்களில் கட்டிய டியூப்லைட்டும், ஆங்காங்கே ஒரு ஃபோகஸ் லைட்டும்தான் எனக்குக் கிடைக்கும் ஒளி.

இந்த வேலைக்கு என்னிடம் இருந்தது நிக்கான் டி7000. 2010இல் வெளிவந்த கேமரா அது, 16.2 மெகாபிக்சல், ஏ.பி.எஸ்.-சி என்னும் சிறிய அளவுள்ள சென்சார் (ஒளியைப் படமாக மாற்றும் தகடு). அந்தச் சென்சாரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். அந்தத் தலைமுறைச் சென்சார்களில் மின்னணுச் சுற்று தானாகச் சேர்க்கும் இரைச்சல், அதாவது படத்தில் மணல் தூவியதுபோல் தெரியும் புள்ளிகள், மிகவும் குறைந்துபோனது. அதனால் படத்தைச் சற்று இருட்டாகவே எடுத்துவிட்டு, பின்னர் ரா கோப்பில் (சென்சாரின் மூலத் தரவைக் கொண்ட கோப்பில்) நிழல்களைத் தூக்கிவிட்டாலும் படம் கெடுவதில்லை. கூத்துக்கு இது பெரிய வரம். கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் கல்யாண முருங்கை போன்ற எடையற்ற மரத்தில் செதுக்கப்பட்டு, கண்ணாடிச் சில்லுகளும் வண்ணக் காகிதங்களும் பதிக்கப்பட்டவை. விளக்கொளி அந்தச் சில்லுகளில் பட்டுத் தெறிக்கும்போது முகத்துக்கும் கிரீடத்துக்கும் இடையிலான ஒளி வேறுபாடு மிகப் பெரிதாகிவிடும். சில்லுகள் வெளுத்துப் போகாதபடி எடுத்துக்கொண்டு, அரிதாரம் பூசிய முகத்தைப் பின்னர் மீட்டெடுப்பதே என் வழக்கம். டி7000 அதில் ஒருநாளும் குறை வைக்கவில்லை. ஆண்டுகள் போனபின்னும் அதை நான் விடாமல் வைத்திருந்ததற்கு முதல் காரணம் இதுதான்.

இருந்தாலும் ஓர் அதிருப்தி உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு திருவிழாக் காலமும் முடிந்த பிறகு, புதிய பாடிகளின் விவரப் பட்டியல்களைப் பார்க்கத் தொடங்கிவிடுவேன். பட்டியலில் கண்ணை முதலில் ஈர்ப்பது மெகாபிக்சல். அதை நான் விரைவிலேயே ஒதுக்கிவிட்டேன். 16 மெகாபிக்சலிலிருந்து 24க்குப் போனால் பாதிக்குப் பாதி கூடிவிட்டதுபோல் தோன்றும். ஆனால் அது பரப்பளவுக் கணக்கு. படத்தின் ஒரு பக்கத்தை எடுத்துப் பார்த்தால் 4,928 புள்ளிகள் 6,000 ஆகின்றன, அதாவது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கூடுகிறது. நான் கலைஞர்களுக்குக் கொடுப்பது பெரும்பாலும் 12க்கு 18 அங்குல அச்சு. அந்த அளவில் டி7000 படம் ஓர் அங்குலத்துக்கு 270 புள்ளிகளுக்கு மேல் தருகிறது. கையில் பிடித்துப் பார்க்கும் தூரத்தில் அதற்கு மேல் கூடுவதைக் கண் கண்டுகொள்வதில்லை. கணினித் திரையில் பார்ப்பவர்களுக்கோ 4கே திரைகூட 9 மெகாபிக்சலைத் தாண்டாது.

அடுத்தது இருட்டு. பழைய ஃபிலிம் சட்டகத்தின் அளவுள்ள ஃபுல் ஃபிரேம் சென்சாரின் பரப்பு 864 சதுர மில்லிமீட்டர். டி7000இன் சென்சார் ஏறக்குறைய 368. ஒரே அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு), ஒரே ஷட்டர் வேகம் என்றால் பெரிய சென்சார் மொத்தத்தில் 2.3 மடங்கு ஒளியைச் சேர்க்கும், அதாவது ஒரு ஸ்டாப்புக்கு (ஒளி இரட்டிப்பாகும் ஒரு படிக்கு) சற்று மேல். இது உண்மையான ஆதாயம், மறுப்பதற்கில்லை. ஆனால் அதே கணக்கை லென்ஸுக்குப் போட்டுப் பாருங்கள். கேமராவோடு சேர்ந்து வரும் ஜூம் லென்ஸ் நீண்ட முனையில் எஃப்/5.6இல் நிற்கும், எஃப்/1.8 லென்ஸ் அதைவிட ஒன்பது மடங்குக்கு மேல் ஒளியை உள்ளே விடுகிறது. அதனால்தான் வெகு முன்பே, யாரோ பயன்படுத்திய 85 மி.மீ. எஃப்/1.8டி லென்ஸ் ஒன்றை வாங்கினேன். அது நிக்கானின் பழைய வகை. லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது, பாடியில் இருக்கும் மோட்டார் ஒரு திருகுமுனை வழியாக அதைச் சுழற்றி ஃபோகஸ் செய்யும். பாடிக்கு முன் லென்ஸை வாங்கு என்று மூத்தவர்கள் சொல்வதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. லென்ஸை மாற்றியபின்னும் தீராத குறை எது என்பதுதான் பிறகு எழுகிற கேள்வி.

இதற்கிடையில் மென்பொருளும் மாறிவிட்டது. 2023இல் லைட்ரூம் என்ற படத் திருத்த மென்பொருளில் வந்த இரைச்சல் நீக்கும் வசதியை, பல ஆண்டுகளுக்கு முன் எடுத்த டி7000 ரா கோப்புகளின்மேல் ஓட்டிப் பார்த்தபோது, ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 3200இல் எடுத்த முகங்களில் அரிதாரத்தின் தீற்றல்கூடத் தெளிந்து வந்தது. பழைய படங்களையும் சேர்த்தே மேம்படுத்தும் ஒரு மாற்றம் அது. எந்தப் புதிய பாடியாலும் அதைச் செய்ய முடியாது. ஆக, மெகாபிக்சலும் இல்லை, இரைச்சலும் இல்லை. பாடியை மாற்றுவதற்கு உலகம் சொல்லும் இரண்டு பெரிய காரணங்களும் உதிர்ந்துவிட்டன. அதிருப்தி மட்டும் அப்படியே இருந்தது.

தவறிய படங்கள் சொன்னது

நல்ல படங்களைப் பார்த்து ஒரு கேமராவை எடைபோட முடியாது என்று நான் கருதுகிறேன். நல்ல படம் என்பது எல்லாம் கூடிவந்த கணத்தின் விளைவு. அங்கே கேமராவின் எல்லை எதுவென்று தெரியாது. எல்லை தெரிவது ஒதுக்கிய படங்களில்தான். நான் எதையும் எளிதில் அழிப்பவன் அல்லன் என்பதால், ஒதுக்கியவை எல்லாம் வட்டுகளில் அப்படியே கிடந்தன. ஒரு மழைக்காலம் முழுவதும் அவற்றைத் திறந்து, ஒவ்வொன்றும் எதனால் தவறியது என்று பிரித்து வைத்தேன். நிக்கானின் என்.எக்ஸ். ஸ்டுடியோ மென்பொருள், படம் எடுத்தபோது எந்த ஃபோகஸ் புள்ளி வேலை செய்தது என்பதைப் படத்தின்மேலேயே காட்டும். அந்தச் சிறு கட்டம் இல்லாவிட்டால் இந்த வேலையைச் செய்திருக்கவே முடியாது.

பெரும்பகுதி, எந்தக் கேமராவாலும் காப்பாற்ற முடியாத படங்கள். கட்டியங்காரன் எந்தப் பக்கம் திரும்புவான் என்று அறியாமல் தவறான இடத்தில் நின்று எடுத்தவை, முன்வரிசையில் எழுந்து நின்ற ஒருவரின் தோளால் மறைந்தவை, உச்சக் கணம் கடந்தபின் அழுத்தியவை. இவற்றுக்கு மருந்து கூத்தை இன்னும் கூர்ந்து பார்ப்பதுதான். அந்த அளவில் "கண்தான் முக்கியம்" என்ற வாசகம் சரியே. இரைச்சலுக்காக மட்டுமே ஒதுக்கியவை தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

மீதி இரண்டு குவியல்கள்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தன. சிறியது, வெளிச்சம் துடித்ததால் கெட்டவை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் பொருத்திய டியூப்லைட்டின் ஒளி அதனால் விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். கண்ணுக்குத் தெரியாத இந்தத் துடிப்பை 1/250 விநாடி ஷட்டர் பாதியில் வெட்டிவிடுகிறது. அடுத்தடுத்து எடுத்த படங்களில் ஒன்று வெளிச்சமாகவும் அடுத்தது மங்கியும் மஞ்சள் பூத்தும் வருவது அதனால்தான். 1/100க்கு இறக்கினால் துடிப்பு சமனாகும், ஆனால் சுழன்றாடும் கலைஞரின் கை கால்கள் கலைந்துவிடும்.

பெரிய குவியல், ஃபோகஸ் தவறியவை. அதிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. படத்தின் நடுப்பகுதியில் முகம் இருந்தபோது ஃபோகஸ் பெரும்பாலும் பிடித்திருந்தது. ஓரத்துப் புள்ளியைத் தேர்ந்து எடுத்தபோதெல்லாம் வழுக்கியிருந்தது. டி7000இல் 39 ஃபோகஸ் புள்ளிகள் உண்டு. அவற்றில் நடுவிலுள்ள 9 மட்டுமே குறுக்குவகைப் புள்ளிகள், அதாவது கிடைக்கோட்டையும் செங்குத்துக் கோட்டையும் உணரக்கூடியவை. மற்ற 30 புள்ளிகளும் ஒரு திசைக் கோடுகளை மட்டுமே உணரும். வெளிச்சம் நன்றாக இருந்தால் இந்த வேறுபாடு தெரியாது. அரையிருட்டில், சீராகச் சாயம் பூசிய ஒரு கன்னத்தின்மேல் ஓரப் புள்ளியை வைத்தால், அது பற்றிக்கொள்ள எதுவுமில்லாமல் லென்ஸை முன்னும் பின்னும் ஓட்டும். அந்தக் காலத்து இடைநிலைக் கேமராக்களுக்கு அது இயல்பு. குறையென்று சொல்வது நியாயமாகாது. நடுப்புள்ளியில் பிடித்துவிட்டு கேமராவைத் திருப்பி எடுக்கலாமே என்பார்கள். 85 மி.மீ. லென்ஸில், எஃப்/1.8இல், ஐந்து மீட்டர் தூரத்தில் தெளிவாகத் தெரியும் ஆழம் ஏறக்குறைய ஒரு சாண்தான். ஆடுகிறவர் அந்த ஒரு சாணைக் கடக்க, நான் கேமராவைத் திருப்பும் நேரமே போதும்.

அந்தக் குவியலுக்குள்ளும் மீண்டும் மீண்டும் வந்தது ஒரே கட்டம்: திரைப் பிரவேசம். கூத்தை அறிந்தவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட கணமென்று சொல்ல வேண்டியதில்லை. இருவர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னால் நின்று வேடக்காரர் பாடுவார், மேலே கிரீடத்தின் முனையும் கீழே சலங்கை கட்டிய காலும் மட்டும் தெரியும், முகவீணையும் மிருதங்கமும் ஏற ஏறக் கூட்டம் மூச்சைப் பிடித்துக் காத்திருக்கும், திரை விலகும். முகம் அந்தக் கணத்தில்தான் முதன்முதலாக வெளிப்படுகிறது என்பதால், முன்கூட்டியே ஃபோகஸ் செய்து வைத்துக்கொள்ள வழியில்லை. திரையின்மேல் ஃபோகஸ் செய்து வைத்தால் ஆள் அதற்கு ஒரு முழம் பின்னால் இருப்பார். திரை பிடிப்பவரும் படத்தில் இருக்க வேண்டுமென்றால் வேடக்காரரின் முகம் படத்தின் ஓரப் பகுதிக்குத்தான் வரும். என் கேமராவுக்கு எது மிகவும் கடினமோ, நான் மிகவும் விரும்பும் கணம் அதைத்தான் கேட்டது.

கடன் வாங்கிய ஃபுல் ஃபிரேம்

இந்த இடத்தில் ஒரு நண்பர் தம்முடைய டி750ஐ ஓர் இரவுக்குக் கொடுத்தார். 2014இல் வந்த ஃபுல் ஃபிரேம் கேமரா. அதே 85 மி.மீ. லென்ஸைத் திருகி ஓட்டும் மோட்டார் அதிலும் உண்டு, பேட்டரியும் என்னுடையதைப் போலவே ஈ.என்.-ஈ.எல்.15. பாடியை மாற்றுவதென்றால் இதற்கே மாறுவது என்று ஏறக்குறைய முடிவு செய்துகொண்டுதான் போனேன். டி7000இன் ஃபோகஸ் அமைப்பு -1 ஈ.வி. (வெளிச்சத்தின் அளவு, எண் குறையக் குறைய இருட்டு கூடும்) வரையிலான இருட்டுக்கு என்று குறிக்கப்பட்டது. டி750க்கு அது -3 ஈ.வி. அந்த இரண்டு படி என்ன செய்யும் என்பது முதல் வேடம் வந்தபோதே தெரிந்தது. நடுப்புள்ளியை வைத்தால், களத்தின் ஓரத்து இருட்டிலும் லென்ஸ் தடுமாறாமல் போய் நின்றது.

திரை வந்தது. துச்சாதனன் வேடம், பாட்டு முடியும் தறுவாயில் வழக்கம்போல் இடப்பக்கம் நகர்ந்து, திரை பிடித்த இருவரையும் சேர்த்துச் சட்டகம் அமைத்தேன். ஃபோகஸ் புள்ளியை முகம் வரப்போகும் இடத்துக்கு நகர்த்தினேன். அது பாதி வழியில் நின்றுவிட்டது. அதற்கு மேல் புள்ளிகளே இல்லை. டி750இல் 51 புள்ளிகள் உண்டு, ஆனால் அவை பெரிய சட்டகத்தின் நடுவில் ஒரு கொத்தாகத் திரண்டிருக்கின்றன. என் பழைய சிறிய சென்சாரிலோ 39 புள்ளிகளும் சட்டகத்தில் அதைவிட அகலமாகப் பரவியிருக்கும். இருட்டில் பார்க்கும் திறமை கூடியிருந்தது. அதை நான் வைக்க விரும்பிய இடத்தில் வைக்க முடியவில்லை. விரித்த திரைக்கு அருகே, கையில் என்னுடையதைவிடப் பெரிய சென்சாருள்ள கேமராவோடு நின்றபடி, எனக்குத் தேவையானது என்னவென்பதை அந்த நொடியில்தான் முழுமையாக அறிந்தேன். ஒளியைச் சேர்க்கும் பரப்பு எனக்குத் தேவையாக இருக்கவில்லை. முகம் எங்கே வருமோ அங்கே, இருட்டிலும் உணரக்கூடிய புள்ளி ஒன்று தேவையாக இருந்தது. அவ்வளவுதான். பல ஆண்டுகள் விவரப் பட்டியல்களைப் படித்தும் இந்தக் கேள்வியை நான் இவ்வளவு துல்லியமாகக் கேட்டதில்லை.

பின்னர் இரண்டு கேமராக்களின் படங்களையும் ஒரே அளவில் அச்சிட்டு, கூத்து வாத்தியார் வீட்டுத் திண்ணையில் பரப்பினோம். எது எந்தக் கேமராவில் எடுத்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கேமராவைக் கொடுத்த நண்பராலும் முடியவில்லை.

மிர்ரர்லெஸ்ஸை ஏன் விட்டேன்

இதைப் படிக்கும் பலர், இந்தக் குறைக்கு உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகைக் கேமராவான மிர்ரர்லெஸ்தானே விடை என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அவற்றில் ஃபோகஸ் சென்சாரின்மேலேயே நடப்பதால், சட்டகத்தின் பெரும்பகுதியில் எங்கு வேண்டுமானாலும் புள்ளியை வைக்கலாம். 2023இல் வந்த நிக்கான் இசட் எஃப் -10 ஈ.வி. வரை ஃபோகஸ் செய்யும் என்று குறிக்கப்பட்டிருக்கிறது. அந்த எண் எஃப்/1.2 லென்ஸை வைத்து அளந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும், என்றாலும் பெரிய முன்னேற்றம்தான். கையில் ஒரு லென்ஸும் இல்லாமல் இன்று தொடங்குகிறவர் என்னிடம் கேட்டால், தயங்காமல் மிர்ரர்லெஸ் வாங்கச் சொல்வேன். 2020க்குப் பிறகு நிக்கான் என்னுடையதைப் போல உள்ளே கண்ணாடியுள்ள டி.எஸ்.எல்.ஆர். வகையில் ஒரு புதிய கேமராகூட வெளியிடவில்லை, எதிர்காலம் எந்தப் பக்கம் என்பதில் ஐயமில்லை.

என் நிலைமை வேறு. பழைய லென்ஸை மிர்ரர்லெஸ் பாடியில் பொருத்த உதவும் நிக்கானின் எஃப்.டி.இசட். அடாப்டரில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. என் 85 மி.மீ. லென்ஸை அதில் பொருத்தினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். ஆக, பாடியின் விலையோடு ஒரு லென்ஸின் விலையும் சேரும். பேட்டரியும் ஒரு கணக்கு: கேமராத் தயாரிப்பாளர்களின் சங்கமான சீப்பாவின் முறைப்படி டி7000 ஒரு முறை மின்னேற்றினால் 1,050 படங்கள் தரும், நிக்கானின் மிர்ரர்லெஸ் கேமராவான முதல் இசட்6க்கு அந்த எண் 310. நடைமுறையில் இரண்டும் அதைவிடக் கூடுதலாகவே தரும், ஆனால் விடியும்வரை வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்துக் காத்திருக்கும் வேலையில் இந்த வேறுபாடு சிறியதல்ல. மிர்ரர்லெஸ்ஸின் சத்தமில்லாத ஷட்டர்தான் என்னை உண்மையாகவே இழுத்தது. வசனத்தின் நடுவே "டக் டக்" என்று ஒலி எழுப்பாமல் எடுக்கலாம் என்பது எவ்வளவு பெரிய நிம்மதி! ஆனால் பெரும்பாலான பாடிகளில் மின்னணு ஷட்டர் சென்சாரை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. துடிக்கும் விளக்கொளியில் அது படத்தின் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு போட்டுவிடும். கூத்துக் களத்தில் என்ன விளக்கு கட்டப்போகிறார்கள் என்பது என் கையில் இல்லை.

எனவே கேள்வியைத் திருத்தி எழுதிக்கொண்டேன்: திருகு மோட்டார் இருக்க வேண்டும், ஓரம்வரை புள்ளிகள் பரவியிருக்க வேண்டும், அவை இருட்டில் உணர வேண்டும், வெளிச்சத் துடிப்பைச் சமாளிக்க வேண்டும். இப்படிக் கேட்டதும் விடை வெகு விரைவில் வந்தது: 2016இல் அறிமுகமான டி500. சென்சார் என் பழைய அளவேதான், 20.9 மெகாபிக்சல். ஆனால் 153 ஃபோகஸ் புள்ளிகள், அவற்றில் 99 குறுக்குவகை. நடுப்புள்ளி -4 ஈ.வி. வரையிலும் மற்றவை -3 ஈ.வி. வரையிலும் உணரும், சட்டகத்தின் இட விளிம்பிலிருந்து வல விளிம்புவரை ஏறக்குறைய முழு அகலத்துக்கும் பரவியிருக்கும். விளக்கின் துடிப்பை அளந்து, ஒளி உச்சத்தில் இருக்கும் நேரம் பார்த்து ஷட்டரைத் திறக்கும் வசதியும் அதில் உண்டு. ஜெனரேட்டர் ஓடும் ஊர்களில் மின்சாரம் சரியாக 50 ஹெர்ட்ஸில் நிற்காது, அங்கே அது எவ்வளவு கைகொடுக்கும் என்பதை எடுத்துப் பார்த்துத்தான் அறிய வேண்டும். சில பட்டன்களுக்கு உள்ளிருந்து ஒளியூட்டும் ஏற்பாடும் இருக்கிறது. விவரப் பட்டியலில் கடைசி வரியாக வரும் இதை, இருட்டில் விரலால் தடவித் தடவிப் பட்டன்களைத் தேடியவர்கள் முதல் வரியாகப் படிப்பார்கள்.

உற்பத்தி நின்றுபோன கேமரா என்பதால் பழையதாகத்தான் தேட வேண்டியிருந்தது. விற்பவர் சொல்லும் ஷட்டர் எண்ணிக்கையை நான் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. அங்கேயே ஒரு படம் எடுத்து, கோப்புக்குள் பதிவாகியிருக்கும் எண்ணைத் திறந்து பார்த்தேன். டி500இன் ஷட்டர் 2,00,000 முறை இயங்குமாறு சோதிக்கப்பட்டது. நான் வாங்கியது அதில் பாதியைக்கூட எட்டவில்லை. என் 85 மி.மீ. லென்ஸையே கொண்டுபோய் மாட்டி, கடையின் இருட்டான மூலையில் ஓரப் புள்ளிகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுத்தேன். அதன் இரண்டு கார்டு இடங்களில் ஒன்று எக்ஸ்.க்யூ.டி. வகைக்கானது, அந்த வகைக் கார்டு விலை கூடியது, இப்போதைக்கு எஸ்.டி. கார்டு இடம் ஒன்றே எனக்குப் போதும். வீட்டுக்கு வந்ததும், லென்ஸுக்கும் பாடிக்கும் இடையிலான நுண்ணிய ஃபோகஸ் விலகலை அதன் தானியங்கி வசதியைக் கொண்டு சரிசெய்து முடித்தேன்.

டி7000ஐ விற்கவில்லை. அதில் 35 மி.மீ. எஃப்/1.8 லென்ஸை மாட்டி, வேடம் கட்டும் கொட்டகைக்கென்று ஒதுக்கிவிட்டேன். அங்கே கலைஞர்கள் கண்ணாடிமுன் அசையாமல் அமர்ந்து அரிதாரம் பூசுவார்கள். பக்கத்திலேயே ஒரு பல்பு எரியும். நடுப்புள்ளி ஒன்றே போதுமான வேலை அது. பேட்டரி இரண்டு கேமராவுக்கும் ஒன்றே என்பதால் பையில் புதிதாக எதுவும் சேரவில்லை. வரும் பங்குனியில் முதல் கொடியேற்றம் எந்த ஊரில் என்று வாத்தியாரைக் கேட்டிருக்கிறேன்.